கற்சிலைமடுக் கல்லில் பெயர் உள்ள அந்தக் கப்டன் யார்?

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து, வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னி மன்னர் பண்டாரவன்னியனின் நாடகம் பழக்குகிறேன். கையில் இருப்பது யாரோ எப்போதோ எழுதிய பழைய கொப்பி ஒன்றுதான். அதில் முதலில் அரசவை, நடுவில் முல்லைத்தீவுக் கோட்டை விழுவது, கடைசியில் காக்கை வன்னியன் காட்டிக் கொடுக்க மன்னர் சாய்வது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்த கதைதான்.

போன கிழமை பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவ்விடத்துக்கு அருகில் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அந்தக் கல்லின் ஆங்கில வாசகம். அதை வாசித்துச் சொன்னதும் ஒரு பெடியன், "ரீச்சர், எங்கட நாடகத்தில இந்த ஆள் எங்க?" என்று கேட்டுவிட்டான். கொப்பியில் 'வெள்ளைத் தளபதி' என்று மட்டும் இருக்கிறது, அவருக்கு வசனம் இரண்டே வரி.

முல்லைத்தீவுக் கோட்டை விழுந்த ஓகஸ்ட் 25 ஐ நாங்கள் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம். கல்லில் இருப்பது ஒக்டோபர் 31. இடையில் இரண்டு மாதம் என்ன நடந்தது? காக்கை வன்னியன் கதைக்கு ஏதாவது ஆதாரம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒத்திகை தொடங்கிவிட்டது, ஆனாலும் காட்சிகளை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

பேராற்றான் எழுதியது:

ரீச்சர், அந்தப் பெடியனுக்கு என் கணக்கில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

கல்லில் பெயர் உள்ள அந்தக் கப்டன் புதிதாக வந்து இறங்கிய ஆள் இல்லை. ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் காவற்படைக்குப் பொறுப்பாக இருந்தவரே அவர்தான். வன்னியனின் ஆட்கள் வந்து விழுந்தபோது அங்கே நின்று பிடிக்க முடியாமல் படையை வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார். பெயரைப் பார்த்தால் ஜெர்மன் வழி. ஒல்லாந்தர் காலத்தில் இப்படிப் பலர் இலங்கைக்கு வந்தார்கள். ஆக, கல்லைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஓடிப் போனவர் திரும்பி வந்து வென்ற இடம் அது. வென்றதைக் கல்லில் வெட்டினார்கள். ஓடியதற்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் யார் கல் நடுவார்கள்?

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து முத்தையன்கட்டுப் பக்கமே தலை நரைத்தவன். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் எந்த மாதம் எந்தப் பாதையால் ஆள் போகலாம், எந்த ஆறு எப்போது மறிக்கும் என்பது தெரியும். 1803 ஐ அப்படித்தான் நான் பார்க்கிறேன்.

முதலில் ஏன் அந்த ஓகஸ்ட்? வன்னியை மட்டும் பார்த்தால் இது விளங்காது, கண்டியைப் பார்க்க வேண்டும். அந்த வருடம் பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் புகுந்து முத்துசாமி என்பவரை அரசனாக வைத்தார்கள். படையில் பாதிப்பேரைக் காய்ச்சல் படுக்கையில் போட்டது. ஜூன் 24 ஆம் திகதி அங்கே ஆங்கிலேயப் படைக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் டேவி சரணடைந்தார். வெளியேறிய படை மகாவலிக் கரையில் வட்டப்புளுவைக்கு அருகே வெட்டிச் சாய்க்கப்பட்டது. முத்துசாமியைக் கண்டியரசன் சிறீவிக்கிரமராசசிங்கன் கொன்றான். டேவி சாகும் வரை கண்டியில் கைதியாகக் கிடந்தார். கொழும்பில் ஆளுநர் நோர்த் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. நாலாபக்கமும் கரையோரக் காவல்கள் மெலிந்து போயிருந்தன. பனங்காமத்து ஆளான பண்டாரவன்னியன் எழும்பினது அந்த நேரத்தில். கண்டியின் ஆதரவும் அவருக்கு இருந்தது. வீரம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நேரம் பார்த்து அடித்தாரே, அந்தப் புத்தியை எங்கள் நாடகங்கள் காட்டுவதே இல்லை. எல்லாவற்றிலும் மீசையை முறுக்குவதோடு சரி.

முல்லைத்தீவோடு அவர் நிற்கவும் இல்லை. ஆனையிறவு வரைக்கும் போனார். அந்தக் காலத்தில் ஆனையிறவு என்றால் சும்மா உப்பளம் இல்லை. வன்னிப் பக்கத்திலிருந்து யாரும் குடாநாட்டுக்குள் வராமல் தடுக்க ஒல்லாந்தர் அங்கே வரிசையாகச் சிறு கோட்டைகள் வைத்திருந்தார்கள். அந்த வாசல் வரை ஒரு வன்னியன் வந்து நின்றால் யாழ்ப்பாணத்தில் துரைமாருக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும்?

இனி ஒக்டோபர். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படையை அனுப்பினார்கள். 31 ஆம் திகதி விடியற்புறம் கற்சிலைமடுவில் வன்னியனின் ஆட்கள்மேல் திடீரென விழுந்தார்கள். முல்லைத்தீவுக்குப் போகும் பாதையும் நெடுங்கேணிப் பாதையும் ஒட்டுசுட்டானில்தான் முட்டுகின்றன. அந்தச் சந்திக்குப் பக்கத்தில் பாளையம் போட்டவர் மூன்று திசையையும் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

இந்தத் திகதியையும் கவனியுங்கள். ஐப்பசி நடுப்பகுதி. இன்னும் இரண்டு மூன்று கிழமை பிந்தியிருந்தால் மாரி முறுகியிருக்கும். மன்னாரிலிருந்து வருகிறவன் பறங்கியாற்றையும் பாலியாற்றையும் கடக்க வேண்டும். இங்கே பேராறு இருக்கிறது. இன்றைக்குப் பேராற்றை மறித்து முத்தையன்கட்டுக் குளம் நிற்கிறது, பாலம் இருக்கிறது. அன்றைக்குப் பழைய குளங்கள் உடைந்து காடு மூடிக் கிடந்த காலம். கார்த்திகை வெள்ளத்தில் பீரங்கி வண்டி இழுக்க முடியாது. அவர்கள் மழையை முந்திக்கொண்டு வந்தார்கள். வன்னியனின் பக்கத்திலோ நின்று சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் கமக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஐப்பசியில் காலபோக விதைப்பு. விதைப்பை விட்டுவிட்டு எத்தனை பேர் பாளையத்தில் நிற்பார்கள்? இது எந்த ஏட்டிலும் வாசித்ததில்லை, விதைப்புக் காலத்தில் குளத்து வேலைக்கு ஆள் பிடிக்கப் போய் அலைந்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று. கல்லில் 'தோற்கடித்தார்' என்றுதான் இருக்கிறது. கொன்றார் என்று இல்லை. அதற்குப் பிறகும் மன்னர் உயிரோடு காட்டுக்குள் திரிந்து வருடக்கணக்கில் தொல்லை கொடுத்தார் என்று வன்னியில் ஒரு வழக்கு உண்டு. ஆகவே அந்தக் காட்சியில் அவரைச் சாகடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தண்ணீரூற்றான் எழுதியது:

ஐயா சொன்னதில் பாதி எனக்குப் புதுசு, நன்றி. ஆனால் காக்கை வன்னியனைப் பற்றி வாயே திறக்கவில்லையே? மன்னரின் தங்கையைப் பெண் கேட்டு அவமானப்பட்டு, அந்தக் கோபத்தில் வெள்ளைக்காரனிடம் போனவன். எங்கள் ஆச்சிமார் சொன்னது, கூத்தில் பார்த்தது. ஊரே சொல்வது பொய்யாகுமா? மழை, விதைப்பு என்றெல்லாம் சொல்லித் துரோகியைத் தப்பவிடக் கூடாது.

கடலோரம் எழுதியது:

துரோகி பற்றி எனக்குத் தெரியாது, வள்ளம் பற்றிச் சொல்கிறேன். நான் முல்லைத்தீவில் தொழில் செய்கிறவன். ஓகஸ்டில் சோளகம், அதாவது தெற்குப் பக்கக் காற்று. எங்கள் கரையில் கடல் சும்மா தகடு போலக் கிடக்கும். சித்திரையில் வாடி (மீன்பிடிக் கொட்டில்) போட வருகிறவர்கள் புரட்டாதி வரை இருப்பது அதனால்தான். அந்தக் காற்றுக்குப் பாய் விரித்தால் வடக்கே பருத்தித்துறைப் பக்கம் தானாகவே கொண்டுபோகும். அதே கப்டன் கார்த்திகையில் வாடைக் காற்றுக்குள் மாட்டியிருந்தால் வள்ளத்தைத் தள்ளிக் கடலில் இறக்கவே முடிந்திருக்காது. கரையில் நின்று செத்திருப்பார், அல்லது பிடிபட்டிருப்பார். பிறகு கற்சிலைமடுவில் கல்லும் இருந்திருக்காது.

ரீச்சர், நாடகத்தில் வள்ளக் காட்சி வைத்தால் சொல்லுங்கள். பழைய பாய்த் துணி, துடுப்பு எல்லாம் தரலாம்.

பேராற்றான் எழுதியது:

கடலோரம் தம்பி, இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சோளகம் என்று நினைத்தேன், ஆனால் கடல் ஆள் வாயால் வர வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரூற்றான் தம்பிக்கு. ஆச்சிமார் பொய் சொன்னார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் (போர்த்துக்கீசரிடம்) பிடித்துக் கொடுத்தவன் பெயர் என்ன? யாழ்ப்பாண வைபவமாலையில் போய்ப் பாருங்கள். காக்கை வன்னியன்! அந்த நூல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதியது. அதாவது கற்சிலைமடுச் சண்டைக்கு முன்பே, இன்னொரு மன்னனை, இன்னொரு வெள்ளைக்காரனிடம் காட்டிக் கொடுத்தவனாக இந்தப் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. ஒரே பெயருள்ள இரண்டு ஆட்கள், இரண்டு பேரும் துரோகிகள், அப்படியும் நடக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. துரோகி வேண்டும் என்றபோது கூத்துக்காரருக்குத் தெரிந்த துரோகி வந்து மேடையில் ஏறிவிட்டான் என்றே நினைக்கிறேன்.

காட்டுப் பாதையை யாரோ காட்டியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருட்டில் அந்தக் காட்டுக்குள் உள்ளூர் ஆள் இல்லாமல் ஒரு படை வர முடியாது. ஆனால் அது ஒரு தேன் எடுக்கப் போனவனாக இருக்கலாம், யானை பிடிக்கிறவனாக இருக்கலாம், பயத்தில் போனவனாகவோ காசுக்குப் போனவனாகவோ இருக்கலாம். அவனுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாதவனை வைத்து நாடகம் போடக் கஷ்டம், அதுவும் விளங்குகிறது.

சும்மா இன்னொரு கதை, இது கேட்டதற்குப் பதில் இல்லை. 1803 க்கு இருபது வருடம் முந்தி, 1782 இல் ஒல்லாந்தர் படை கொண்டுவந்து வன்னியைப் பிடித்தார்கள். நாகெல் என்ற லெப்டினன்ட் முல்லைத்தீவில் இருந்துகொண்டு ஆண்டார். அதுவரை இங்கே வன்னியர் தாங்களே ஆண்டு, யானையைத் திறையாகக் கொடுத்து வந்தவர்கள். அந்தச் சண்டையில் ஒல்லாந்தருக்கு மிகக் கடுமையாக நின்றவர் வன்னிச்சி, அதாவது வன்னியர் குலத்து அரசி, ஒருவர் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. மரியா செம்பாத்தே என்று ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார்கள். பிடித்துக் கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். பண்டாரவன்னியனுக்கு வவுனியாக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் சிலை இருக்கிறது. இவருக்கு ஒரு ஒழுங்கைப் பெயர்கூட இல்லை. ரீச்சர், உங்கள் நாடகத்தில் பெண் பிள்ளைகளுக்கு என்ன வேஷம்? சாமரம் வீசுவதா?

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

ஐயா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நாலு பேர் சாமரம், ஒருத்தி தங்கை வேஷம், அவளுக்கும் அழுகைதான். பிள்ளைகளிடம் சொன்னேன், இரண்டு பேர் இப்போதே வன்னிச்சிக்குச் சண்டை பிடிக்கிறார்கள். முதல் காட்சியை 1782 இல் தொடங்கலாம் என்று யோசிக்கிறேன். கிழவனார் ஒருவர் சின்னப் பண்டாரவன்னியனுக்கு அந்தக் கதையைச் சொல்வது போல வைக்கலாம்.

காக்கை வன்னியனை முழுக்க எடுத்தால் ஊரில் பேச்சு வாங்க வேண்டி வரும், அதிபரும் விடமாட்டார். அதனால் அவன் பெயரைச் சொல்லாமல், முகத்தை மூடிய ஒருவன் பந்தத்தோடு முன்னால் நடந்து போகிற மாதிரி வைக்கிறேன். யார் என்று பார்க்கிறவர்கள் முடிவு செய்யட்டும். கப்டனுக்கு வசனம் கூட்டுகிறேன். கேள்வி கேட்ட பெடியனே அந்த வேஷத்தைக் கேட்டுவிட்டான்.

கடலோரம் அண்ணா, பாய்த் துணி கட்டாயம் வேண்டும். துடுப்பு நாலு இருந்தால் போதும். மேடையில் வள்ளத்தை எப்படித் தள்ளுவது என்று காட்ட ஒரு நாள் பின்னேரம் வர முடியுமா? சனிக்கிழமை ஒத்திகை இருக்கிறது.

கடலோரம் எழுதியது:

சனி கடலுக்குப் போகவில்லை, வருகிறேன். பாயை வெயிலில் காயப்போட்டுக் கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு மீன் நாற்றம் தாங்காது.

தண்ணீரூற்றான் எழுதியது:

முகமூடிக்காரன் யோசனை எனக்குச் சரி. ஆனால் மன்னர் சாகாவிட்டால் கடைசிப் பாட்டை எங்கே வைப்பீர்கள்? அந்த ஒப்பாரிக்குத்தானே சனம் வரும்!