மறு: ஸ்டேஜுக்குக் ‘கட்டம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

சைக்கிள் பந்தயச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவருகிறேன். பலநாள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டமான ஸ்டேஜ் என்றால் கட்டம், எல்லா நாளையும் சேர்த்துப் பார்க்கும் ஜெனரல் கிளாசிஃபிகேஷன் என்றால் பொது வகைப்பாடு, கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்கிற இடத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. ஏற்றுவதற்கு முன் என் முட்டுக்கட்டையையும் போட்டுவிடுகிறேன்.

எளிதானது முதலில். ‘பொது வகைப்பாடு’ வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் தாவரவியல் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. சைக்கிள் பந்தயத்தில் யாரும் எதையும் வகைப்படுத்துவதில்லை. ஒவ்வொரு வீரரும் தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுகிறார்கள், போனஸ் விநாடி இருந்தால் கழிக்கிறார்கள், ஆகக் குறைந்த நேரக்காரரை மேலே வைக்கிறார்கள். அதற்கு ‘மொத்தநேர வரிசை’ என்பது என் முன்மொழிவு.

> மொத்த வரிசை என்றாலே விளங்காதா? நடுவில் நேரம் எதற்கு?

ஐயா, அந்த ‘நேரம்’ இல்லாவிட்டால் 1990 விளங்காது. அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸை (பிரான்ஸின் மூன்று வாரப் பந்தயம், சுருக்கமாக டூர்) வென்ற கிரெக் லெமாண்ட் ஒரு ஸ்டேஜில்கூட முதலாவதாக வரவில்லை. 1956இல் ரோஜே வால்கோவியாக், 2017இல் கிறிஸ் ஃப்ரூம், அவர்களும் அப்படித்தான். எதிலுமே ஜெயிக்காதவர் மொத்தத்தில் எப்படி ஜெயித்தார் என்று புதிதாகப் பார்க்க வருகிறவர் கட்டாயம் கேட்பார். சொல்லுக்குள் நேரம் இருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொருவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சொல் 1905 முதல் 1912 வரையிலான டூருக்குப் பொருந்தாது. அந்த எட்டு ஆண்டும் நேரத்தைக் கூட்டவில்லை; அன்றன்று எத்தனையாவதாக வந்தார் என்பதைப் புள்ளியாக்கிக் கூட்டினார்கள். அதை ‘மொத்தப்புள்ளி வரிசை’ என்று தனியாக எழுதிக்கொள்ளலாம். கணக்கு மாறினால் ஒரு நாளின் எடை எப்படி மாறுகிறது என்பதற்கு, நேரக்கணக்கு திரும்பிவந்த 1913ஐப் பாருங்கள். தூர்மாலே மலை இறக்கத்தில் யூஜின் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துபோனது. அடுத்தவர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு கீழே இருந்த ஊருக்கு நடந்தார், அங்கிருந்த கொல்லுப்பட்டறையில் தானே ஃபோர்க்கைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தி ஊத ஒரு சிறுவன் கைகொடுத்தான் என்பதற்காகத் தண்டனை நேரம் வேறு. மணிக்கணக்கில் நேரம் போய்விட்டது. பழைய புள்ளிக் கணக்காக இருந்தால் அந்த ஒரு நாளின் இடம் மட்டும்தான் போயிருக்கும். நேரக்கணக்கில் டூரே போய்விட்டது.

சரி, கட்டத்துக்கு வருகிறேன்.

‘முதற்கட்டப் பேச்சுவார்த்தை’ என்கிறோம், ‘இறுதிக்கட்டப் பணி’ என்கிறோம். கட்டம் என்றாலே வேறொன்றின் துண்டு. அதற்கென்று ஒரு முடிவு கிடையாது. ஸ்டேஜ் அப்படிப்பட்டதா? காலையில் கொடியசைத்துத் தொடங்கி, மாலையில் கோட்டைக் கடந்து, வென்றவர் மேடையேறுகிற முழுப் பந்தயம் அது. மார்க் கேவண்டிஷ் டூரில் 35 ஸ்டேஜ் வென்றவர். எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டியவர். மொத்தநேர வரிசையில் அவர் முதல் நூறு பேருக்குள் வந்ததே இல்லை. அந்த 35ஆவது வெற்றி கிடைத்த 2024இல் பாரிசுக்குப் பதில் நீஸில் டூர் முடிந்தபோது வரிசையின் கடைசி ஆளே அவர்தான். ‘கட்டம்’ என்று எழுதினால் இந்த மனிதர் 35 துண்டுகளை ஜெயித்துவிட்டு முழுசைக் கோட்டைவிட்டவர் ஆகிவிடுகிறார். அவர் வந்ததே அந்த 35க்காகத்தான்.

மறுபக்கம் ஹைமார் சுபெல்டியாவைப் பாருங்கள். ஐந்து முறை டூரில் முதல் பத்துக்குள் வந்தவர், இரண்டு முறை ஐந்தாமிடம். ஒரு ஸ்டேஜ்கூட வென்றதில்லை. மூன்று வாரம் ஒரு நாளும் சறுக்காமல் மலையேறுவது லேசுப்பட்ட வேலையில்லை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த இழையில் இருக்கிற எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது?

> உணர்ச்சிவசப்படாமல் எண்களில் சொல்லுங்கள். ஸ்டேஜுக்கு உண்மையில் என்ன மதிப்பு?

சொல்கிறேன். அண்மை ஆண்டுகளில் டூரை வென்றவருக்கு 5,00,000 யூரோ, ஒரு ஸ்டேஜ் வென்றால் 11,000. அதாவது மஞ்சள் ஜெர்சிக்கு (மொத்தநேர வரிசையில் முதலிடத்தில் இருப்பவர் அணிவது) ஈடாக 45 ஸ்டேஜுக்கும் மேல் வேண்டும். டூரில் இருப்பதோ 21. ஆனால் வரிசையில் கீழே இறங்கிப் பாருங்கள். மொத்தத்தில் ஏழாமிடத்துக்கு 11,500 யூரோ, எட்டாமிடத்துக்கு 7,600. ஆக ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கோ தராசு சாய்ந்துவிடுகிறது. சர்வதேச சைக்கிள் சங்கத்தின் தரவரிசைப் புள்ளி இன்னும் சுவாரசியம். 2022 வரை டூர் வெற்றிக்கு 1000, ஸ்டேஜுக்கு 120. 2023 முதல் 1300க்கு 210. எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது ஆறில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. ஸ்டேஜின் எடை கூடிக்கொண்டுதான் போகிறது, நாம் இங்கே அதைக் ‘கட்டம்’ ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

என் மாற்று: ‘நாள்பந்தயம்’. ஸ்டேஜ் வெற்றிக்கு ‘நாள்வெற்றி’. முதலில் ‘நாளோட்டம்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். ‘காலவோட்டம்’ மாதிரி, நாட்கள் ஓடுவதைச் சொல்வதுபோலப் போய்விட்டது, அடித்துவிட்டேன். ‘நாட்பந்தயம்’ என்று புணர்த்தினால் வேகமாகப் படிக்கும்போது நட்பு எட்டிப்பார்க்கிறது. நாட்காட்டியை நாள்காட்டி என்றும் எழுதுகிறோமே, அந்தத் துணிச்சலில் புணர்ச்சியை விட்டுவிட்டேன். இலக்கணக்காரர்கள் திட்டலாம்.

> ஒரே நாளில் இரண்டு ஸ்டேஜ் நடந்தால்?

நல்ல கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லாத கேள்வியும்கூட. ஒரு காலத்தில் டூரில் அது சகஜம். 1978இல் விடியற்காலையில் எழுப்பி, ஒரே நாளில் இரண்டு முறை ஓட்டவைத்ததில் கடுப்பான வீரர்கள், வாலன்ஸ் தாஜான் ஊரில் சைக்கிளை விட்டு இறங்கி முடிவுக்கோட்டை நடந்தே கடந்தார்கள். முன்வரிசையில் பெர்னார் இனோ. அன்றைய காலை ஓட்டத்தின் முடிவு ரத்தானது. இப்போது டூரில் அந்த வழக்கம் இல்லை. பழைய செய்தியை எழுதும்போது ‘அரைநாள் பந்தயம்’ என்று சமாளித்துக்கொள்ளலாம். மிலான்–சான்ரெமோ மாதிரித் தனியாக நடக்கும் ‘ஒருநாள் பந்தயம்’ இதோடு குழம்பும் என்பதும் உண்மைதான். ‘ஒரு’ இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். மெல்லிய வேலிதான், ஒத்துக்கொள்கிறேன்.

எந்தச் சொல்லையும் ஒரு சிக்கலான வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தேறுமா என்று தெரியும். 2019 டூரின் 19ஆம் நாளை எடுத்துக்கொண்டேன். எகான் பெர்னால் இஸரான் கணவாயின் உச்சியை முதலில் கடந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். கீழே ஆலங்கட்டி மழை, சாலையில் மண்சரிவு. பந்தயத்தை நிறுத்தி, உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் கொண்டார்கள். மஞ்சள் ஜெர்சி ஜூலியன் அலாஃபிலிப்பிடமிருந்து பெர்னாலுக்குப் போனது, ஆனால் அன்றைக்கு வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்கவில்லை. என் சொற்களில்: ‘19ஆம் நாள்பந்தயத்தில் நாள்வெற்றி யாருக்கும் இல்லை, மொத்தநேர வரிசையில் பெர்னால் முதலிடம்.’ பட்டியலில் ஏறவிருக்கிற சொற்களில்: ‘19ஆம் கட்டத்தில் வெற்றி யாருக்கும் இல்லை, பொது வகைப்பாட்டில் பெர்னால் முதலிடம்.’ இரண்டையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு எனக்கே சொல் அகப்படவில்லை. மொத்தத்தில் பத்தாமிடமோ பதினைந்தாமிடமோ எதற்கு என்று, சில வீரர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்தே பத்து இருபது நிமிடம் பின்தங்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரால் ஆபத்தில்லை என்று ஆனபிறகு, அவர் முன்னே பிரிந்து போனால் மஞ்சள் ஜெர்சி அணி துரத்தாது. அங்கேதான் நாள்வெற்றிக்கு வாசல் திறக்கிறது. நண்பர் ஒருவர் இதை ‘ஒரு நாள் கூத்துக்கு மீசையை எடுத்த கதை’ என்று கிண்டலடித்திருந்தார். சிரித்தேன். ஆனால் கூத்தாடுவதுதான் தொழில் என்றால் மீசை என்ன கணக்கு? ‘நேரத்தைக் கோட்டைவிடுதல்’ சரிவராது, அது தெரியாமல் விடுவது. ‘நேரம் தளர்த்துதல்’, ‘நேரம் உதிர்த்தல்’ இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு என் வாக்கு ‘உதிர்த்தல்’ பக்கம். இதைவிடப் பொருத்தமானது யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். பட்டியலை அதுவரை மூட வேண்டாம்.