சூட்டில் கொன்ற பிளாண்டாரம்: தட்டில் இன்னும் காலனி வருகிறது, உதவுங்கள்

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

கொழுப்பு உணவு தின்னும் எலிகளுக்குக் கொடுக்க, லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கழுவி, உப்புக் கரைசலில் கலக்கி, கொல்வதற்காக 70 டிகிரி வாட்டர் பாத்தில் 30 நிமிடம் வைக்கிறோம். பிறகு எதுவும் பிழைத்ததா என்று பார்க்க, இந்த வகை பாக்டீரியா வளரும் எம்ஆர்எஸ் அகார் தட்டில் 37 டிகிரி, 48 மணி நேரம். சில தட்டுகளில் சின்ன வெள்ளைக் காலனி. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்க்கும் கேட்டலேஸ் சோதனையில் நுரையே இல்லை; சூடு தாங்கும் பேசில்லஸ் வித்திலிருந்து வந்திருந்தால் நுரைத்திருக்கும், அதனால் அதுவாகத் தெரியவில்லை; நம்ம பாக்டீரியாதான் பிழைத்திருக்கிறது போல. 50 மில்லி குழாயின் நடுப்பகுதி தாமதமாகத்தான் சூடேறும். மூடிக்கடியில் ஒட்டிய துளிகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நின்றுவிடுகின்றன. சந்தேகம் அங்கேதான்.

ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியில்) கொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியாவில் ஆட்டோகிளேவ் செய்தது எலிகளில் பலிக்கவில்லை; 70 டிகிரியில் 30 நிமிடம் வைத்தது பலித்தது. அப்படிச் சூடாக்கியதைக் கொடுத்த 2019 மனிதச் சோதனையில் இன்சுலின் உணர்திறன்கூட மேம்பட்டது, எடைக் குறைவு மட்டும் உறுதியாகவில்லை.

1 மில்லியாகப் பிரித்து, முழுக்க மூழ்கவைத்துச் சூடாக்குபவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நிமிடம்?

இன்னொன்று, கொன்றபின் காலனி எண்ண வழியில்லை, செல்கள் கட்டிகட்டியாகவும் ஆகின்றன. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணித்தர முடியுமா? ஐஸ் பெட்டியில் மாதிரியை நாங்களே கொண்டுவருகிறோம்.