கல்லட்டி இறக்கத்துல லீவர் கிரிப் வரைக்கும் வந்துடுச்சு – நாலு ஊர்க்காரங்களோட பிரேக் ஆயில் அனுபவங்கள்

ஊட்டி:
ஊட்டியிலேர்ந்து மசினகுடி இறங்கற கல்லட்டி ரோடு, 36 கொண்டை ஊசி வளைவு. டிஎன் 43 வண்டி, 150 சிசி, பின்னால ஆளோட. பாதி இறக்கத்துல முன் லீவர் அப்படியே கிரிப்ல போய் ஒட்டிடுச்சு. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டதும் பழையபடி கெட்டி! அதான் உறுத்துது. பட்டறையில காட்டினா 'நல்லாத்தானே இருக்கு'ன்னுதான் வரும். காத்து புகுந்திருந்தா ஆறினாலும் மெத்துன்னே இருக்கும். இது சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சு வந்த ஆவி, ஆறினா தடயமே இல்ல. சக்கரத்துக்கிட்ட ஆயிலை வெளியே விடற நிப்பிளைத் திறந்தா டிக்காஷன் நிறத்துல ஆயில். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறினா 155தான். ஊட்டி 2,240 மீட்டர் உசரம் வேற.

குன்னூர்:
உசரத்தை ஏன் இழுக்கறீங்க? அதுல கொதிநிலை குறையுறது சில டிகிரி. தவிர, இறங்க இறங்க உசரமும் குறையுதே. மாத்தாத ஆயில், மூடுபனி, மூணாவது கியர்ல பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டே இறங்கறது, இவ்வளவுதான் காரணம்.
இதுக்கு நேர் எதிர் கேஸ் ஒண்ணு. மேட்டுப்பாளையம் இறக்கம், லீவர் கல்லாட்டம், முன் சக்கரம் தள்ளினா நகரல. பேட் தேய்ஞ்சப்ப பிரேக் ஆயில் டாங்கியை விளிம்பு வரைக்கும் நிரப்பியிருக்காங்க, அப்புறம் அதே ஆயில் மேல புது பேட். சூட்டுல விரிய இடமில்ல. நிப்பிளைக் கால் சுத்து லூஸ் பண்ணதும் பீச்சி அடிச்சு சக்கரம் விட்டுடுச்சு. மாஸ்டர் சிலிண்டர்ல (லீவர் அழுத்துற பம்ப்) ஆயில் டாங்கிக்குத் திரும்புற பொடித் துளை அடைச்சாலும் இதே கதைதான்.

கோத்தகிரி:
யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடறேன், வீட்டுல பிரேக் ஆயில் மாத்தறவங்க கெடுக்கிறது டாங்கி மூடி திருகுலதான். மொட்டை ஸ்க்ரூடிரைவர் போட்டா தலை வழுக்கிடும். சரியான பிட், முதல்ல லேசா ஒரு தட்டு. டாங்கி மட்டமா நிக்க ஹேண்டிலைத் திருப்பிக்கோங்க. பெயிண்ட் மேல ஈரத்துணி. சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க, துடைச்சா மட்டும் பத்தாது.
பழைய ஆயிலை டாங்கியிலேயே உறிஞ்சிட்டு புதுசு ஊத்தினா பாதி வேலை மிச்சம். நிப்பிள் பெரும்பாலும் 8 மி.மீ. – ரிங் ஸ்பேனர் மட்டும், ஓப்பன் ஸ்பேனர் போட்டா மூலை மழுங்கும். தெளிவான டியூப், மறுமுனை பாட்டில்ல ஆயிலுக்குள்ள முங்கணும். லீவரைப் பிடி, திற, லீவர் இறங்கும், மூடு, அப்புறம்தான் லீவரை விடு. வரிசை மாறினா காத்தை உள்ளே இழுக்கும். வேகமா பம்ப் அடிச்சா நுரைதான் மிச்சம். டாங்கியைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே விடாதீங்க, வறண்டு காத்து புகுந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முன்னும் பின்னும் சேர்த்து 250 மி.லி. போதும். திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீங்க, இந்த ஊர் ஈரத்துல அது பாட்டுக்குக் கெட்டுடும்.
குமிழி நிக்கவே இல்லையா? நிப்பிள் மரை வழியா டியூபுக்கு வர்ற காத்தா இருக்கலாம். மரை வெளியில கொஞ்சம் கிரீஸ் தடவினா தெரிஞ்சிடும். அப்பவும் மெத்துன்னு இருந்தா காத்து மேல பாஞ்சோ போல்ட் (ஹோஸை மாஸ்டர் சிலிண்டரோட சேர்க்கிற போல்ட்) கிட்ட மாட்டியிருக்கும். லீவரை ராத்திரி முழுக்கக் கட்டி வைங்க.

மசினகுடி:
ஏபிஎஸ் வண்டியில ஆயில் மாத்தறது மேல சொன்ன மாதிரியேதான். டாங்கி வறண்டு மாடுலேட்டருக்குள்ள (ஏபிஎஸ் பம்ப், வால்வு இருக்கிற பெட்டி) காத்து போயிட்டா மட்டும் பல வண்டிகளுக்கு ஸ்கேனர் வெச்சு பம்பை ஓட்டித்தான் எடுக்கணும், லீவரைக் கட்டினா வராது. டாட் 5னு போட்ட சிலிக்கான் பாட்டிலை டாட் 5.1னு நெனச்சு வாங்கிடாதீங்க, அந்த சிலிக்கானை டாட் 4 ஆயிலோட கலக்கவே கூடாது.