மறுகட்டு செய்த டோல்கீன் தொகுதிகள்: நான் கண்டவை

மிகைபுனைவு நூல்களின் தோல்கட்டுப் பிரதிகள் கைக்கு வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது பின்னட்டையின் உட்புறத்தைத்தான். லண்டன் செசில் கோர்ட்டில் உள்ள ஒரு பழைய புத்தகக் கடையில், பழைய அட்டையை நீக்கிப் பச்சை ஆட்டுத்தோலில் மறுகட்டு செய்யப்பட்ட, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று தொகுதிகளைப் பார்த்த நாளில் தொற்றிய பழக்கம் இது. ஆலன் அண்டு அன்வின் நிறுவனம் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட அம்முதற்பதிப்பின் ஒவ்வொரு தொகுதியின் இறுதியிலும், டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் வரைந்த, கதை நிகழும் கற்பனை நிலத்தின் வரைபடம் கருப்பு, சிவப்பு ஆகிய இரு நிறங்களில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பல வாசகர்கள் விரித்து மடித்த தாள் என்பதால், மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் அது முதலில் கிழியத் தொடங்கும்.

அந்தப் பிரதியில் பைண்டர் கிழிசலின் பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டியதோடு, வரைபடத்தை ஒரு தனிப் பட்டையில் தாங்கவைத்துப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்திருந்தார். விரித்தபோது புத்தகத்தின் முதுகுப்பக்கம் (தாள்கள் சேரும் பக்கம்) சிறிதும் இழுபடவில்லை. அதற்கும் அடுத்து, பழைய கட்டின் சிவப்புத் துணியும் முதுகுத் துண்டும் தனித் தாள்களில் ஒட்டிச் சேர்க்கப்பட்டிருந்தன. எடுத்ததை எறியாமல் நூலுக்குள்ளேயே வைத்துத் தந்த அந்தப் பைண்டரின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

வேறொரு விற்பனையாளர் காட்டிய தொகுதிகளிலோ மூன்று ஓரங்களும் தங்கமுலாம் பூசுவதற்காக வெட்டப்பட்டிருந்தன. மேலோரத்தில் பதிப்பாளர் பூசிய சிவப்புச் சாயம் போய்விட்டது. பக்க விளிம்பும் குறுகிவிட்டது. முதுகின் பொன்னெழுத்துகள் என்னவோ அழகுதான், ஆனால் வெட்டிய தாளை எவராலும் திருப்பித் தர இயலாது.

தோலைப் பற்றியும் ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல்கள் இங்கிலாந்துக்குப் பெருமளவில் சென்றன. புத்தகக் கட்டுக்கு எந்தத் தோல் நீடிக்கும் என ஆராய அங்கே அமைக்கப்பட்ட குழு, 1901-இல் அந்த வகைப் பதனிடலை ஏற்கவில்லை. காற்றிலுள்ள அமிலத்தை ஈர்த்து, தோல் சிவந்து பொடியாக உதிர்வதே காரணம். ஆகவே எந்த ஆட்டின் தோல் என்பதைவிட எதில் பதனிட்டது என்று கேட்பதே முறை.

மேலுறையோடு (அட்டையைச் சுற்றிப் போர்த்திய தாளுறை) நல்ல நிலையில் கிடைக்கும் முதற்பதிப்பைத் தோலில் கட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 1937-இல் முதல் அச்சில் 1500 பிரதிகளே வந்த ‘தி ஹாபிட்’ நூலுக்கு டோல்கீனே வரைந்த மேலுறையும் அந்நூலின் ஒரு பகுதியே. அட்டை தளர்ந்த பிரதிகளும் பிற்கால அச்சுகளும் மறுகட்டுக்கு ஏற்றவை. இக்காலச் சிறப்புப் பதிப்புகளில் A முதல் Z வரை எழுத்திட்ட 26 பிரதிகள் என்ற வழக்கம் உண்டு. அவற்றிலும் உள்தாள்கள் பசையால் மட்டும் ஒட்டப்பட்டனவா, நூலால் தைக்கப்பட்டனவா என்று விசாரித்த பிறகே விலை பேசுகிறேன்.

இணையத்தில் வாங்குவோர் முதுகின் படத்தோடு நின்றுவிடாமல், மேலோரம், வரைபடம் ஒட்டிய இடம், நடுப்பக்கத்துத் தையல் ஆகிய மூன்றின் படங்களையும் விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள்.