பிடி கட்டித் தொங்கவிட்ட சின்ன வெங்காயம் கழுத்திலிருந்து அழுகுகிறது: எங்கே பிழை?

செம்பருத்தி (திருக்கோவில்)
எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் கிழக்குக் கடற்கரைப் பக்கத்து மணல் வளவு. 10 அடி நீளம், 3 அடி அகலத்தில் மூன்று பாத்தி. வேதாளன் இன விதை வெங்காயம் நாலரைக் கிலோ, நாலு அங்குல இடைவெளியில் மே 18 நட்டது. யூலை 24, அதாவது 67ஆம் நாள் பிடுங்கியது. தாளோடு 34 கிலோ வந்தது. பிடுங்கும்போது மூன்றில் ஒரு பங்கு தாள்தான் சாய்ந்திருந்தது. கடைசித் தண்ணீர் அதற்கு இரண்டு நாள் முன்பு. கடைசி யூரியா யூலை 10, பாத்திக்கு ஒரு கைப்பிடி.

ஒன்றரை நாள் மணலிலேயே காயவிட்டு, மூன்று கிலோப் பிடிகளாகக் கட்டித் தகரக் கொட்டிலில் தொங்கவிட்டாயிற்று. கடல்காற்றுக்காக ஒரு பக்கம் பொலித்தீன் கட்டியிருக்கிறது. இன்று 16ஆம் நாள். ஆறு கிலோ அளவில் கெட்டுவிட்டது. கழுத்து, அதாவது தாள் வெங்காயத்தோடு சேருமிடம், நொளநொளவென்று இருக்கிறது. சிலதில் கறுப்புத் தூள். ஏதும் மருந்து அடிக்கலாமா? மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது?

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
தங்கச்சி, முதலில் எல்லாப் பிடியையும் இறக்கிப் பிரித்து நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மருந்து வேண்டாம். சாப்பிடும் பொருளில் பிடுங்கிய பிறகு அடிக்கக் கூடாது. அடித்தாலும் உள்ளே போன அழுகலை அது தொடாது.

அடுத்து, கெட்டதில் 20 வெங்காயம் எடுத்து நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அழுகல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. கழுத்தில் தொடங்கி, உள்ளே ஓரிரு வளையம் மட்டும் பழுப்பாகி, அடுத்த வளையம் நல்லதாக இருந்தால், அமத்தும்போது புளித்த மணம் வந்தால், அது பக்டீரியா. மூடாத கழுத்து வழியாகத் தண்ணீரோடு உள்ளே போனது. வெளித்தோலுக்குக் கீழே கரித்தூள் போல இருந்து சதை உறுதியாக இருந்தால் கரும்பூஞ்சணம். சூடும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த இடத்தில் வருவது. வேர்ப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, வேர் தொட்டதும் கழன்று வந்தால் அடியழுகல். அது மண்ணில் இருந்து வந்தது, அந்தப் பாத்தியைத் தனியாகக் கவனிக்க வேணும்.

மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. எத்தனை எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

வயல்வரம்பு (சம்மாந்துறை)
ஒன்றரை நாள் காய்ச்சல் காணாது. அஞ்சு நாளாவது நல்ல வெயிலில் போட்டு எடுக்க வேணும். ஈரம் போகாமல் கட்டினால் எந்த வெங்காயமும் அழுகத்தான் செய்யும்.

செம்பருத்தி (திருக்கோவில்)
நன்றி அண்ணன், நானா. 20 வெட்டிப் பார்த்தேன். 13இல் கழுத்திலிருந்து உள்வளையம் பழுப்பு, புளித்த மணம் இருக்கிறது. 5இல் கறுப்புத் தூள் மட்டும். 2இல் அடி அழுகல், இரண்டும் கிணற்றடிப் பாத்தியில் வந்தவை.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
அப்படியென்றால் பெரும்பங்கு பிழை கொட்டிலில் நடக்கவில்லை. பாத்தியில், கடைசி இருபது நாளில் நடந்திருக்கிறது.

வெங்காயம் முற்றும்போது புதுத்தாள் விடுவதை நிறுத்தும். கழுத்துக்குள் தாளே இல்லாமல் வெறுமையாகிறபடியால்தான் தாள் சாய்கிறது, பிறகு அந்த இடம் ஒட்டி மூடிக்கொள்ளும். 53ஆம் நாள் யூரியா போட்டதும் செடி திரும்பப் புதுத்தாள் விடத் தொடங்கிவிட்டது. கழுத்து தடித்துப் பச்சையாகவே நின்றது. அதோடு கடைசிவரை தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு மட்டும் சாய்ந்ததே அதற்கு அடையாளம். அந்தத் திறந்த கழுத்துத்தான் பக்டீரியாவுக்கு வாசல்.

இந்தப் பயிருக்கு யூரியாவின் கடைசித் தவணை ஆறாம் கிழமையோடு முடிய வேணும். உங்கள் பாத்தி அளவுக்கு மூன்றாம் கிழமை ஒருமுறை, ஆறாம் கிழமைக்குள் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மேசைக்கரண்டி, 20 கிராம் அளவில், போதும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். ஒரு கைப்பிடி இதைவிட இரண்டு மூன்று மடங்கு வரும். அடிப்பசளையாக நன்றாக உக்கிய மாட்டெரு பாத்திக்கு 10 கிலோ போட்டால் மணல் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

தண்ணீரை மணலில் ஆறேழு நாள் முன்பே நிறுத்தலாம். களிமண் என்றால் பத்து நாள் வேணும். பாதிக்கு மேல் தாள் தானாகச் சாய்ந்து, கழுத்தை இரண்டு விரலால் அமத்தினால் உள்ளே ஒன்றும் இல்லாதது போலத் தட்டையாகும்போது பிடுங்குங்கள். சாயாததைக் காலால் மிதித்துச் சாய்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கழுத்தை நசுக்கிக் காயமாக்குமே தவிர, முற்ற வைக்காது.

நானா சொன்ன அஞ்சு நாள் வெயிலை மட்டும் இந்த மண்ணில் செய்ய வேண்டாம்.

வயல்வரம்பு (சம்மாந்துறை)
ஏன்? எங்கட பக்கம் வயலில் அப்படித்தானே போடுவது.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
வயல் மண்ணில், தாளால் மூடிப் போட்டால் சரி நானா. கடற்கரை மணல் மதியத்தில் கால் வைக்க முடியாத சூடு. அதில் வெறுமனே கிடந்த வெங்காயம் ஒரு பக்கம் அவிந்து, கண்ணாடி போல ஆகும். அந்த இடம் பிறகு மெதுவாகிக் கரும்பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். அந்த அஞ்சு வெங்காயத்தில் கறுப்பு ஒரு பக்கமாக மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள் தங்கச்சி.

செம்பருத்தி (திருக்கோவில்)
ஓம் அண்ணன், மூன்று வெங்காயத்தில் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத் தோல் சுருங்கியும் இருக்கிறது.

வயல்வரம்பு (சம்மாந்துறை)
அப்ப வெயில் சுட்டதுதான். சரி, நான் சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். காலையில் பனி காய்ந்த பிறகு பிடுங்கி, மண்ணை உதறி, வரிசையாகக் கிடத்துங்கள். இரண்டாம் வரிசையின் தாள் முதல் வரிசை வெங்காயத்தின் மேல் விழ வேணும், இப்படியே கடைசி வரிசை வரை. வெயில் தாளில் படட்டும், வெங்காயத்தில் பட வேண்டாம். கச்சான் (வறண்ட மேல்காற்று) வீசுகிற நாளென்றால் இரண்டு நாள் போதும். பின்னேரம் கிடுகால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். மணல் வளவில் கீழே சாக்கு விரித்துப் போடுவது நல்லது.

அதன் பிறகு நிழல் காய்ச்சல் 10 முதல் 14 நாள். இதைத்தான் எல்லோரும் அவசரப்பட்டுக் குறைக்கிறது. கழுத்து நூல் போலச் சுருங்கி, உருட்டிப் பார்த்தால் உள்ளே ஈரம் வழுக்காமல், வெளித்தோல் சரசரக்கும்போதுதான் காய்ந்தது என்று அர்த்தம்.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
கொட்டிலைப் பற்றியும் சொல்ல வேணும். மூன்று கிலோப் பிடி மிகப் பெரிது. நடுவில் இருக்கிறதுக்குக் காற்றே போகாது. ஒரு கைக்குள் அடங்குகிற அளவு, ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பிடிக்குப் பிடி ஒரு சாண் இடைவெளி. காயக் காயத் தாள் சுருங்கிக் கட்டு தளரும், நாலாம் நாள் ஒருமுறை இறுக்குங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே கிடுகு ஒரு அடுக்கு கட்டினால் சூடு குறையும். பொலித்தீனை உடனே கழற்றுங்கள். கடல் உப்புக்குப் பயந்து கட்டினது விளங்குகிறது, ஆனால் இராவில் அதன் உள்பக்கம் நீர் கோர்த்துப் பிடியில் சொட்டும். உப்புக்காற்று வருகிற பக்கத்துக்கும் கிடுகே போதும், காற்றை விட்டு வேகத்தை மட்டும் தணிக்கும். காற்றில்லாத நாளில் மேசை விசிறி ஒன்றை மூன்று நாலு நாள் ஓடவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

இப்போது கையில் இருக்கிற 28 கிலோவை மூன்றாகப் பிரியுங்கள். கழுத்து மெதுவானதும் தடித்ததும் இந்தக் கிழமையே சமையலுக்கு. கறுப்புத் தூள் மட்டும் உள்ளதை மற்றதிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், பூஞ்சணம் பரவும். சமைக்கும்போது அந்தத் தோலையும் கறுத்த சதையையும் உரித்து வீசிவிட்டு, உள்ளே நல்லதாக இருந்தால் பாவிக்கலாம். கழுத்து ஒட்டிக் காய்ந்தது மட்டும் திரும்பப் பிடிக்குப் போகட்டும். கிழமைக்கு ஒருதரம் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று கெட்டால் பிடியையே பிரித்துவிடுங்கள்.

செம்பருத்தி (திருக்கோவில்)
பிரித்துவிட்டேன். நல்லது 17 கிலோ, உடனே பாவிக்க 8, கறுப்புத் தூள் 3. நல்லதில் அடுத்த நடுகைக்கு விதை எடுக்கலாமா? பூ வந்த செடிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன, எதில் போனது என்று தெரியவில்லை.

வயல்வரம்பு (சம்மாந்துறை)
பூ வந்ததைக் கண்டுபிடிக்கலாம். நடுவில் கெட்டியான தண்டின் அடி நிற்கும், கழுத்தில் துளை தெரியும். அதை விதைக்கும் எடுக்காதீர்கள், வைக்கவும் வேண்டாம். கிணற்றடிப் பாத்தியில் வந்ததையும் விதைக்கு எடுக்காதீர்கள். வெட்டிப் பார்க்காத வெங்காயத்திலும் அடியழுகல் மறைந்திருக்கலாம்.

விதைக்கு நடுத்தரப் பருமன், ஒரு கிலோவில் 150 முதல் 200 வரை நிற்கிறது. பிடுங்கி இரண்டு மாதம் போகாமல் நடாதீர்கள், உறக்கம் கலையாத வெங்காயம் ஒன்று முளைத்து ஒன்று முளைக்காமல் பாத்தி பொக்கையாகும்.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)
உறக்கம் கலைவது ஒக்டோபரில். ஆனால் அப்போது நட்டால் மாரி மழையில் இலை முறுகல் நோயும் ஊதாப்புள்ளி நோயும் தப்பாது. இந்தக் கரையில் தை கடைசி வரை பொறுப்பது நல்லது. அதுவரை எடை குறையும், சிலது முளைத்தும் போகும். ஆகவே பாத்திக்கு ஒன்றரைக் கிலோ வேணுமென்றால் இரண்டேகால் கிலோ ஒதுக்குங்கள்.

கிணற்றடிப் பாத்தியில் இரண்டு மூன்று வருடம் வெங்காயமும் உள்ளியும் (பூண்டும்) வேண்டாம். சோளம் அல்லது பயற்றை போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வழிந்து அந்தப் பாத்தி எப்போதும் ஈரமாக இருந்ததா?

செம்பருத்தி (திருக்கோவில்)
ஓம் அண்ணன், குளிக்கிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிடுகிறேன். பொலித்தீன் கழற்றியாயிற்று, கிடுகு நாளைக்கு.