காசு அச்சடித்ததுதான் காரணமா?

தேத்தண்ணி:
2022 இல் இலங்கையில் விலை ஏறியதற்கு மத்திய வங்கி காசு அச்சடித்ததுதான் காரணம் என்கிறார்கள். கொரோனா, உக்ரைன் போர், எண்ணெய் விலை எல்லாம் அப்போ சும்மாவா? யாராவது விளக்குங்கோ.

கடைக்கணக்கு:
போர் உலகத்துக்கே பொது அண்ணை. ஆனால் செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது ஏன்? 2019 கடைசியில் வற் வரியை 15 இலிருந்து 8 ஆக வெட்டினார்கள், அரசின் வருமானம் விழுந்தது, திறைசேரி உண்டியல்களை (அரசு குறுகிய காலக் கடன் வாங்க விற்கும் பத்திரங்கள்) வாங்க ஆள் போதவில்லை என்றதும் மத்திய வங்கியே வாங்கியது, அதைத்தான் அச்சடிப்பு என்கிறோம் (நோட்டு மெஷினை நினைக்க வேண்டாம், பெரும்பாலும் கணக்கில் ஏறும் இலக்கம்தான்).

மூன்றாம்சாமம்:
பாதிதான் சரி. டொலரை 200 ரூபாயில் கட்டிவைத்ததை விட்டுவிட்டீர்கள். 2022 மார்ச்சில் அவிழ்த்துவிட்டதும் இரண்டே மாதத்தில் 360. அந்த நாட்களில் அம்மா கடையில் பால்மா பக்கெட்டை எடுத்து, விலையைப் பார்த்து, பேசாமல் திரும்ப வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தேத்தண்ணி:
சரி, ஏப்ரலில் ஒரே அடியாக வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்களே, அது பிழையா?

கடைக்கணக்கு:
பிழையில்லை, பிந்திவிட்டது. கடன் எடுத்துக் கடை போட்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அடி. அப்புறம் 2023 மத்திய வங்கிச் சட்டம் வந்து, மத்திய வங்கி அரசின் உண்டியல்களை நேரடியாக அரசிடமிருந்து வாங்குவதைத் தடுத்தது.