புதுப்பிப்பு: காகித யானை எழுந்து நின்றுவிட்டது

சின்னப் பிள்ளைகளோடு செய்த காகித யானை கால் மடங்கிப் படுத்துக்கொள்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். கெட்டி அட்டைக்கு மாறச் சொன்னீர்கள். மாறினேன், பாதிதான் சரியானது.

மீதிக்குக் காரணம் தாளின் இழை, அதாவது தாளுக்குள் இருக்கும் நார், ஓடும் திசை. வெட்டுவதற்கு முன் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு சுலபமாக வருகிறதோ, அந்த வளைவுக்கோட்டின் போக்கில்தான் இழை ஓடுகிறது. கால்கள் அதே போக்கில் மேலிருந்து கீழாக வரும்படி வரைந்தால் விறைப்பாக நிற்கின்றன. ஆனால் முதுகு மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும், பிசிறடிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் போதும். இந்த வேலை மட்டும் பெரியவர்களுடையது.

அட்டை 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் பிள்ளைகளுக்கு வெட்ட வராது. தும்பிக்கைக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள்தான். பென்சிலில் இறுகச் சுற்றி உருவினால் அழகாகச் சுருள்கிறது.

அப்புறம், பசை. நீர்ப்பசையில் தாள் ஊறி நெளிகிறது, குச்சிப் பசையே நல்லது.

காது ஒட்டுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். ஒரு யானைக்கு மூன்று காது. அதற்கு நிறைய கேட்கணுமாம்.